ஊசியை மறுத்த தாய்மார்களுக்காக ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவது பற்றித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவத் தகவல்களில் குறையில்லை. ஆனால், பெற்றோரின் அறியாமைதான் பெரிய தடை, ஆகவே விழிப்புணர்வு விளம்பரங்களைப் பெருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருந்த விதம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதி செய்யாறு வட்டாரத்தில் கழிந்தது. ‘என் பிள்ளைக்கு ஊசி வேண்டாம்’ என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன தாய்மார்கள் பலரை அறிவேன். விஷயம் தெரியாமல் மறுத்தவர்கள் அவர்களில் சொற்பம். மற்றவர்களுக்கு விஷயம் தெரியும். சொன்னவர்கள்மேல்தான் நம்பிக்கை இல்லை.

கடிதம் நீளமாகிவிட்டது. இடமில்லையென்றால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவைக்க வேண்டுகிறேன். அவர்கள் கண்டு சொன்னது ஆங்கில இதழ்களுக்குள்ளேயே தங்கிவிட்டது. பொதுச் சுகாதாரம் படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்லியிருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

இதற்கு முன் வேறொரு ஊசிக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி முகாம் தொடங்கியது. நாட்டிலேயே முதல் கட்டமாகத் தமிழகம், கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் ஆரம்பித்தார்கள். ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகள் வரை எல்லோருக்கும் ஒரு ஊசி. முன்பே தட்டம்மை ஊசி போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டும். தமிழகத்தில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள். பெரும்பாலும் பள்ளிகளில் வைத்தே போடுவதாக ஏற்பாடு.

அந்த நேரத்தில் மக்கள் மனம் எப்படி இருந்தது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முந்தைய நவம்பரில் ஒரு ராத்திரியில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைத்த பணத்தோடு பெண்கள் பேங்க் வாசலில் நின்றார்கள். டிசம்பரில் முதலமைச்சர் இறந்தார். ஆஸ்பத்திரிக்குள் நடந்தது என்ன என்று டீக்கடைதோறும் பேச்சு. ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். வெளிநாட்டு அமைப்புகள் நம் மண்ணின் மாட்டை அழிக்கப் பார்க்கின்றன என்ற கோபம் சின்னப் பையன்கள்வரை பரவியிருந்தது. பிப்ரவரியில் சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் இருந்தார்கள். அந்த வாரங்களில்தான் நாங்கள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ‘அரசாங்கம் புதிதாக ஒரு ஊசி அனுப்பியிருக்கிறது, பிள்ளைகளை அனுப்புங்கள்’ என்றோம். யார் நம்புவார்கள்? நான் அந்தத் துறையில் சம்பளம் வாங்காதவளாக இருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டு மருந்து, நம் பிள்ளைகள்மேல் சோதனை செய்கிறார்கள், பெண் பிள்ளைகளுக்குப் பின்னால் கரு தங்காது, ஏதோ ஒரு ஊரில் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். மருந்து புனேயில் தயாரானது என்று நாங்கள் சொன்னது எங்கும் போய்ச் சேரவில்லை. பிப்ரவரிக் கடைசியில் முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கு நீட்டித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வதந்தி எப்படி ஓடியது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனிகள் இருக்கின்றன. சுற்று வட்டாரத்தில் இளம் தாய்மார்களில் பாதிப்பேர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். விடியும் முன்னே கம்பெனி பஸ் ஊருக்குள் வந்துவிடும். ஒருத்தியின் கைபேசிக்கு வரும் செய்தி, பஸ் கம்பெனி வாசலுக்குப் போவதற்குள் மொத்தப் பஸ்ஸுக்கும் வந்துவிடும். அங்கேயே பேசி முடிவெடுத்தும் விடுவார்கள். நான் வீடு வீடாகப் போவது காலை பத்து மணிக்கு. வீட்டில் இருப்பது மாமியார், அல்லது மாடு. முடிவெடுத்தவள் தையல் மிஷின் முன்னால் இருக்கிறாள். விழிப்புணர்வுக் கூட்டம், கையெழுத்துத் தாள், புகைப்படம் எல்லாம் பத்து மணி ஊருக்காக நடந்தன. பேச்சு நடந்ததோ ஐந்தரை மணி ஊரில்.

ஒரு தனியார் பள்ளி, பிள்ளைகளிடம் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தது. ‘ஊசியால் ஏதேனும் பக்கவிளைவு ஏற்பட்டால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று மேலே கொட்டை எழுத்தில். சம்மதம் என்றால் கையெழுத்துப் போடவும் என்று கீழே. இதைப் படித்துவிட்டு எந்தத் தாய் கையெழுத்துப் போடுவாள்? அன்று பள்ளி கேட்டுக்கு வெளியே அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த அம்மாக்கள் நின்றார்கள். அதில் ஒரு பெண்ணின் இரண்டு பிரசவத்துக்கும் நான்தான் கூடப் போனேன். அவள் சொன்னது: “உங்களை நம்புகிறேன் நர்சம்மா. உங்கள் கையில் மருந்தைக் கொடுத்து அனுப்பியவர்களை எனக்குத் தெரியாதே.”

இதற்குத் துண்டுப் பிரசுரத்தில் பதில் கிடையாது. பெட்டியைத் திறந்து மருந்துக் குப்பியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். குப்பியின்மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து வெயில் படாமல் குளிரிலேயே வந்திருக்கிறது என்று பொருள். சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தூளைக் கரைத்த நேரத்தை லேபிளில் எழுதிவைப்போம்; நான்கு மணி நேரம் தாண்டினால் மிச்சம் இருந்தாலும் போடக்கூடாது. ஒருமுறை போட்டதும் ஊசி தானாகப் பூட்டிக்கொள்ளும், இன்னொரு பிள்ளைக்கு அதைப் போட முடியாது. இவ்வளவும் காட்டினேன். அவள் சதுரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைபேசியில் படம் எடுத்தாள். “இதை யாரும் காட்டவில்லையே” என்றாள். படத்தைப் பஸ் தோழிகளுக்கு அனுப்பினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூத்தவனுக்கு மறுநாள் போட்டாள். சின்னவளை மார்ச் மாதம்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். முழு நம்பிக்கை வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மூத்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு வந்தாள். அதிலும் தப்பில்லை.

இனி ஆய்வாளர்கள். விஜயபிரசாத் கோபிசந்திரன் என்ற சமுதாய மருத்துவ நிபுணர், சதீஷ்குமார் செட்லப்பள்ளி என்ற இன்னொருவருடன் சேர்ந்து, தமிழகத்தின் கிராமங்களிலும் நகரத்து ஏழைக் குடியிருப்புகளிலும் மக்களிடம் நீண்ட நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறார். மருத்துவரையும் மருத்துவமனையையும் நீங்கள் எதை வைத்து நம்புகிறீர்கள் என்பதுதான் விசாரணை. 2013-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியானது. நம்பிக்கைக்கு ஐந்து முகங்கள் இருப்பதாக அவர்கள் எழுதினார்கள். கை தேர்ந்தவர் என்ற எண்ணம் ஒன்று. காசில்லாவிட்டாலும், எந்நேரமானாலும் பார்ப்பார்கள் என்ற உறுதி ஒன்று. குறைகளைப் பொறுத்துக்கொள்ள நோயாளியே முன்வருவது மூன்றாவது. மருத்துவரை விட்டு மாறாமல் இருப்பதும், அவர்மேல் வைக்கும் மரியாதையும் மீதி இரண்டு.

மகள் இதை வாசித்தபோது நான் இரண்டாவதில் நின்றுவிட்டேன். 2017-இல் என் பேச்சைக் கேட்டு முதல் நாளே பிள்ளைகளை அனுப்பிய வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். என் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் அல்லர் அவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்புவலி என்று கதவைத் தட்டியபோது நான் சேலையை மாற்றிக்கொண்டு 108 வண்டியில் கூட ஏறிப் போன வீடுகள். முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் வராமல் இழுத்தபோது வட்டார அலுவலகத்துக்கு நான் அலைந்த வீடுகள். ரூபெல்லா என்ற பெயரை அவர்களில் யாரும் திருத்தமாகச் சொல்லவில்லை. ‘நர்சம்மா போடச் சொன்ன ஊசி’ என்றுதான் சொன்னார்கள்.

மூன்றாவது முகமும் முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் இருக்கிறது, சில நாள் மாத்திரை இல்லை, சில நாள் டாக்டர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். ஆனாலும் நம் மக்கள் வருகிறார்கள். அது அவர்கள் கையில் இருந்து நமக்குத் தரும் கடன். படித்தவர்கள் இதை ஏழைகளுக்கு வேறு வழியில்லாததாக மட்டும் பார்க்கிறார்கள். மக்கள் பொறுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள் என்பதை இந்த ஆய்வு பார்த்திருக்கிறது. அதற்காகவே எனக்கு இவர்மேல் மதிப்பு.

2018-இல் கோபிசந்திரன் இன்னும் இருவருடன் சேர்ந்து இன்னொரு ஆய்வை வெளியிட்டார். எங்கள் பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில் நடந்தது. ரூபெல்லா ஊசியை ஏற்ற குடும்பங்களையும் மறுத்த குடும்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அக்கம்பக்கத்தாரோடு உங்களுக்கு எப்படிப் பழக்கம், ஆபத்துக்கு யார் வருவார்கள், உடம்பு பற்றி யார் சொன்னால் கேட்பீர்கள் என்று விசாரித்திருக்கிறார்கள். தடுப்பூசியைப் பற்றி ஆராயப் போனவர்கள் அக்கம்பக்கத்து உறவைப் பற்றிக் கேட்டார்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஊரில் கைமாற்று வாங்கும் வீடும், கல்யாணத்துக்குப் பாத்திரம் கேட்கும் வீடும், காய்ச்சலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்கும் வீடும் ஒன்றாகவே இருக்கும். சுகாதாரத் துறையின் வரைபடத்தில் அந்த வீடு கிடையாது.

சாதியையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஒரு ஊரில் விழிப்புணர்வுக் கூட்டம் எப்போதும் மாரியம்மன் கோயில் மேடையில்தான் நடக்கும். மைக் செட், நிழல், மின்சாரம் எல்லாம் அங்கே வசதி. காலனிப் பெண்கள் வரமாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுப் போவார்கள். பதிவேட்டில் ‘ஆர்வம் குறைவு’ என்று எழுதப்பட்டது. காலனி அங்கன்வாடி வாசலில் பாயை விரித்து உட்கார்ந்தால் கேள்விமேல் கேள்வி வரும். ஒரே நோய், ஒரே ஊசி, ஒரே செவிலியர். மாறியது இடம் மட்டும்.

அமெரிக்கரான எவரெட் ரோஜர்ஸ், புதிய பழக்கங்கள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். 1931-இல் அயோவா மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து 2004-இல் மறைந்தார். அவருடைய அப்பா புதுப்புது இயந்திரங்களை ஆசையாக வாங்குவாராம். ஒட்டுரக மக்காச்சோள விதையை மட்டும் தொடமாட்டாராம். 1936-இல் வறட்சி வந்தபோது பக்கத்து நிலத்தில் ஒட்டுரகம் நின்றது, அப்பாவின் பயிர் காய்ந்தது. 1962-இல் வெளியான அவருடைய நூலைப் பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதில் பெரு நாட்டுக் கதை ஒன்று வருகிறது. எட்வர்ட் வெலின் என்ற மானுடவியலாளர் நேரில் போய் ஆராய்ந்து 1955-இல் எழுதியது.

லாஸ் மோலினோஸ் என்ற கிராமம், சுமார் இருநூறு குடும்பங்கள். குடிதண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வைக்க வேண்டும் என்று நெலிடா என்ற சுகாதாரப் பணிப்பெண்ணை நியமித்தார்கள். இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகப் போனாள். டாக்டரை அழைத்து வந்து பேச வைத்தாள். கடைசியில் புதிதாகக் காய்ச்ச ஆரம்பித்தவர்கள் பதினொரு இல்லத்தரசிகள். காரணம் சோம்பலோ மூடத்தனமோ இல்லை. அந்த ஊரில் சூடு, குளிர்ச்சி என்று ஒரு கணக்கு உண்டு. காய்ச்சிய தண்ணீர் நோயாளிக்கு உரியது. நன்றாக இருக்கிறவன் அதைக் குடித்தால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். நெலிடா பேச்சில் மயங்கியவர்களில் ஒருத்தி மலைப்பகுதியிலிருந்து வந்து குடியேறியவள், ஊரோடு ஒட்டாதவள். அவள் காய்ச்சினாள் என்பதற்காக வேறு யாரும் காய்ச்சப் போவதில்லை. ஊர் யார் பேச்சைக் கேட்குமோ அந்தப் பெண்கள் பக்கம் நெலிடா போகவே இல்லை. ஏழை வீடுகளில் அவளை வேவு பார்க்க வந்தவளாகத்தான் நினைத்தார்கள்.

மகள் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பெரு நாடு எங்கே, செய்யாறு எங்கே! பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் மட்டும் வெந்நீர் கொடுக்கும் மாமியார்கள் என் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நெலிடாவைப் போல நன்றாக உழைத்தும் பெயர் கெட்டுப்போன செவிலியர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஊர் கேட்கும் பேச்சு யாரிடம் இருந்தது என்றால், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மாளிடம். ஐந்தரை மணிக்கு அங்கே பார்சல் வாங்காமல் யாரும் பஸ் ஏறமாட்டார்கள். அவருக்கு எந்தப் பயிற்சியும் யாரும் கொடுக்கவில்லை. தன் பேரப் பிள்ளைகளுக்கு ஊசி போட வைத்தார். அதன்பிறகு யாராவது கேட்டால், “போட்டார்கள், ராத்திரி கொஞ்சம் உடம்பு சுட்டது, காலையில் நாலு இட்லி தின்றார்கள்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். காய்ச்சல் வந்ததையும் மறைக்காமல் சொன்னார். எங்கள் சுவரொட்டியில் அது இல்லை.

பயமுறுத்திப் பேசலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, கண்ணில் புரை, இதயக் கோளாறு வரலாம். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இலேயே இதைக் கண்டு சொன்னார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் புரையோடு வரும் பச்சிளம் குழந்தைகளை வைத்து இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் பிறவியிலேயே காது கேளாத ஒரு சிறுமி இருந்தாள். அவளை மேடையில் நிறுத்தி, ‘ஊசி போடாவிட்டால் இப்படித்தான்’ என்று காட்டச் சொன்னார் மேலிருந்து வந்த ஒருவர். அவளுக்குக் காரணம் ரூபெல்லாதான் என்று யாரும் பரிசோதித்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நிறுத்தியிருக்கமாட்டேன். அந்தத் தாய் மறுநாள் தெருவில் நடக்க வேண்டாமா? ஊரின் சுகாதாரத்துக்காக ஒரு வீட்டின் மானத்தை எடுப்பதற்கு நமக்கு யார் உரிமை கொடுத்தது?

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். 2000-களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று ஊரெல்லாம் எழுதிவைத்தார்களே, ராஜா என்று பெயர் வைத்தவர்கள் பட்ட பாட்டை மறந்துவிட முடியுமா! கேலிதான். ஆனாலும் வாயில் வராத ஒரு விஷயத்தை டீக்கடையில் பேச வைத்தது அது. பேச வைக்க விளம்பரம் போதும். பயந்தவளை ஒப்புக்கொள்ள வைக்க ஆள் வேண்டும்.

நம்பிக்கை எங்கே உடைந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பிறகு கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் சுகாதார நிலையத்துக்குத் தாய்மார்களை வரச் சொன்னார்கள். அரசு பயந்தது நியாயம்தான். ஆனால் ஊருக்கு அது வேறு விதமாகப் பட்டது: ‘நர்சம்மாவை இனி அரசாங்கமே நம்பவில்லை.’ தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2005-06-இல் தமிழகக் குழந்தைகளில் சுமார் 81 சதவீதம் பேருக்கு எல்லாத் தடுப்பூசியும் போடப்பட்டிருந்தது. 2015-16-இல் அது 70 சதவீதத்துக்கும் கீழே போனது. 2019-21-இல் 89-ஐ எட்டியது. சரிவுக்கு அந்த ஒரு சம்பவம் மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ‘அந்தப் பக்கம் நாலு பிள்ளை செத்ததே’ என்று 2017-இல்கூட என்னிடம் கேட்டார்கள். ஒன்பது வருஷத்துக்கு முந்திய செய்தியை மாமியார்கள் தேதி தவறாமல் வைத்திருந்தார்கள். அறியாமையாம்!

எச்.பி.வி. ஊசிக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு முன்னோட்டமாகப் போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஊசி காரணம் இல்லை என்று விசாரணையில் சொன்னார்கள். 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள். ஆனால் விடுதியில் தங்கிப் படித்த பெண்களுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே சம்மதக் கையெழுத்துப் போட்டது வெளிவந்தது. 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. நல்ல ஊசி, தேவையான ஊசி. கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன், அதை இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தை மறந்துவிட்டு அடுத்த ஊசிக்குப் போக முடியாது. தமிழக அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தது. அதில் எவ்வளவு மருந்துக்கு, எவ்வளவு சுவரொட்டிக்கு என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். பேசுவதற்கு எவ்வளவு என்பதுதான் என் கேள்வி.

பேசுவதற்குச் செலவு என்றால் செவிலியரின் நேரம். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த ஐயாயிரம் பேரின் கர்ப்பப் பதிவு, ஊசிப் பதிவு, கூட்டப் பதிவு என்று எல்லாம் கைபேசியிலும் ஏற்ற வேண்டும், நோட்டிலும் எழுத வேண்டும். நான் ஓய்வு பெறும் காலத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரு தம்ளர் மோர் குடிக்கக்கூட முடியாத நிலை. குனிந்து கைபேசியைத் தட்டிக்கொண்டிருப்பவளிடம் எந்தப் பெண் வெள்ளைப்படுதலைப் பற்றிக் கேட்பாள்? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்தப் பெண் தன்னார்வலர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். மாதம் தவறாமல் படியேறி வருகிறவர்கள். தடுப்பூசி பற்றி ஊரில் பேசத் தகுந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு முதலில் ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். அவர்களுடைய சந்தேகத்தை முதலில் தீருங்கள். சந்தேகத்தோடு பேசுகிறவளை ஊர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும்.

கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு ஒருமுறையாவது டாக்டரை அனுப்புங்கள். பள்ளியிலிருந்து ‘நாங்கள் பொறுப்பல்ல’ என்ற சீட்டு போகக் கூடாது. யார் பொறுப்பு, எந்த நம்பருக்குப் பேச வேண்டும் என்று போகட்டும். எங்காவது ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால், காரணம் ஊசியோ இல்லையோ, அன்று சாயங்காலத்துக்குள் அந்த மாவட்டத்து டாக்டர் வாய் திறந்து சொல்ல வேண்டும். இரண்டு நாள் மௌனமாக இருந்தால் அந்த இரண்டு நாளில் வாட்ஸ்அப் பேசி முடித்துவிடும்.

இன்னொன்று. இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளப் போகிற பெண்ணிடம் யாருமே பேசுவதில்லை. பதினான்கு வயதில் எல்லாம் புரியும். மாதவிடாய் நாளில் போடலாமா என்று அவள் கேட்பாள். அம்மாவிடமும் கேட்கமாட்டாள், வகுப்பு ஆசிரியரிடமும் கேட்கமாட்டாள். போடலாம், அதில் தடையில்லை. ஊசியைப் பார்த்ததும் சில பெண்களுக்குத் தலைசுற்றி மயக்கம் வரும். ஒருத்தி சாய்ந்தால் பக்கத்தில் இருப்பவளும் சாய்வாள். பயத்தில் வருவது அது, மருந்தால் அல்ல. வெறும் வயிற்றோடு வரக்கூடாது, போட்டபிறகு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இதை முந்தின நாளே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லிவிட்டால், எந்தப் பள்ளியிலாவது இரண்டு பெண்கள் மயங்கும்போது வதந்தி கிளம்பாது. தங்கள் நாளிதழில் வாரம் ஒரு கட்டம் ஒதுக்கி, சிறுமிகளே கேட்கும் கேள்விகளை வாங்கி, அந்தந்த வட்டார ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரின் பதிலோடு போடுங்கள். கேள்விகளைத் திரட்டித் தருவதற்குச் செய்யாறு பக்கத்தில் நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்